அக்காவுக்காக அத்தான் போட்ட புகை

என் அத்தான் றெமிஜியஸ் கனடாவின் ஒஷாவா நகரில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். நாங்கள் இருக்கும் ஸ்ரௌவ்வில் ஊர் முழுக்கத் தேடினாலும் அவரைப்போல் மாட்டிறைச்சி பாபிகியூ போட ஆள் கிடையாது. தின்றவள் சொல்கிறேன்.

அவருடைய மகள் நிலக்சி பிறந்தபோது என் அக்கா ஷாமிலாவுக்கு ஏழு பை இரத்தம் ஏற்றித்தான் உயிரைக் காப்பாற்றினார்கள். தானும் ஒருதரமாவது இரத்தம் கொடுக்கவேண்டும் என்பது அக்காவின் பிடிவாதம். இரண்டு தரம் இரத்த வங்கிக்குப் போனாள். விரலில் குத்திப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஹீமோகுளோபின் லீற்றருக்கு நூற்றிருபத்தைந்து கிராம் வேண்டும். அவளுக்கு நூற்றுப் பதினான்கு. அன்று முழுக்க அழுதாள்.

இரும்புச்சத்துக் குளிசையை அவள் வயிறு ஏற்கவில்லை. மாட்டிறைச்சியில் உள்ள இரும்பைக் கீரையில் உள்ளதைவிட உடம்பு சுலபமாக எடுக்கும், புரதமும் பி-12ம் கூட என்று எங்கோ வாசித்த அத்தான், அடுத்த நாளே புகைபோடும் அடுப்போடு வந்து இறங்கினார். கொழுப்பைச் சீவி, உப்பை அடக்கி, மேப்பிள் கட்டைப் புகையில் பன்னிரண்டு மணித்தியாலம் வைப்பார். முதல் தரம் கறிச்சட்டி என்ற நினைப்பில் மூடியைத் திறந்து திறந்து பார்த்துக் கெடுத்தார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு இருக்கப் பழகினார். இறைச்சி தொட்டாலே நார் நாராகப் பிரிந்தது. அக்காவுக்கு உள்ளங்கை அளவு. மிச்சம் அத்தானின் வயிற்றுக்குள்.

இரண்டு மாதம் கழித்துக் குடும்ப வைத்தியரிடம் சோதித்தால், இரண்டே இரண்டு கூடியிருந்தது. எனக்கே கோபம் வந்தது. அங்கிருந்த தமிழ்த் தாதி ஏஞ்சலா, "சாப்பிட்ட உடன என்ன குடிக்கிறனீங்கள்?" என்று கேட்டாள்.

"தேத்தண்ணி. நான்தான் சுடச்சுட ஊத்திக் குடுக்கிறனான்," என்றார் அத்தான் பெருமையாக.

"உதுதான் பிழை அண்ணை. தேத்தண்ணி இரும்பைச் சேரவிடாது. ஒரு மணித்தியாலமாவது கழிச்சுக் குடியுங்கோ. இறைச்சியில தேசிக்காய்ப் புளி பிழிஞ்சுவிடுங்கோ, அது இரும்பைச் சேர்க்கும்."

யாழ்ப்பாணத்து ஆளிடம் சாப்பாட்டோடு தேத்தண்ணி வேண்டாம் என்பது லேசில்லை. அக்காவுக்கு ஆசை வரக்கூடாதென்று அத்தான் தானும் விட்டார். ஒரு வாரம் தலையிடியோடு எல்லோர் மேலும் எரிந்து விழுந்தார். புகைமட்டும் நிற்கவில்லை.

மூன்று மாதம் கழிந்து, போன சனிக்கிழமை இரத்த வங்கியில் அக்காவின் விரலில் மறுபடி குத்தினார்கள். நூற்று இருபத்தொன்பது.

இரத்தத்தைக் கண்டால் தலைசுற்றும் அத்தான், கதிரையை இழுத்துப்போட்டு அவளுக்குப் பக்கத்திலேயே இருந்தார். பை மெல்ல மெல்ல நிறைந்தது. அவர் அடுத்த கதிரையில் சாய்ந்திருந்த வெள்ளைக்காரரின் பக்கம் திரும்பி, "இவ என்ர மனுசி," என்று தமிழிலேயே சொன்னார்.