காது எதில் சேர்த்தி

வேதாகமம் தனக்குத்தானே முரண்படுகிறதா இல்லையா என்று சித்தூரில் நாங்கள் வாரம் தவறாமல் மோதிக்கொள்வோம். சனிக்கிழமை சாயங்காலம் சர்ச்சின் பின்னறையில் நடக்கும் அந்த மோதலுக்கு வேதபாட வகுப்பு என்று பெயர். தமிழ் வீட்டாருக்கும் தெலுங்கு வீட்டாருக்கும் ஒரே சபை, ஒரே பெஞ்சு. பாஸ்டரய்யா தெலுங்கர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவர் தெலுங்கில் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவார், பக்கத்தில் நின்று நான் அதைத் தமிழில் சொல்வேன். பள்ளிக்கூட வாத்தியார் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்திருந்தது. அவர் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும். அவர் கண் கலங்கினால் எனக்குக் கொஞ்சமாவது தொண்டை கம்ம வேண்டும்.

சனிக்கிழமை வகுப்பில் வம்பை இழுப்பவன் என் அண்ணன். சர்ச் காம்பவுண்டுச் சுவரை ஒட்டிச் சைக்கிள் கடை வைத்திருந்தான். கொலை செய்யாதே என்று கல்லில் எழுதிக் கொடுத்தவரா எரிகோ பட்டணத்தில் கிழவன், குழந்தை, ஆடு, மாடு ஒன்றையும் விடாமல் வெட்டச் சொன்னார் என்பான். மேல்துணியை விற்றாவது கத்தி வாங்கு என்று சீடர்களிடம் சொன்ன இயேசு, அதே ராத்திரி தோட்டத்தில் ஒருவன் கத்தியை உருவி வேலைக்காரனின் காதை வெட்டியதும் உறையில் போடு என்றாரே, அப்புறம் எதற்கு வாங்கச் சொன்னார் என்பான். “கத்தி விக்கிறவன் கைல கமிஷனா?” என்று அவன் கேட்டபோது பாஸ்டரய்யாவே சிரித்துவிட்டார்.

சிரிக்காதவர் மூப்பர் ஒருவர்தான். தெலுங்கு வீட்டுப் பெரிய மனிதர், சபையின் சொத்துபத்துக்களைப் பார்த்துக்கொள்பவர். அவர் ஒருநாள் முடிச்சை அவிழ்த்தார்.

“சூடு பாபு, இங்க பாரு, இதுல முரண்பாடே இல்ல. தேசத்துக்கு ஒரு சட்டம், மனுசனுக்கு ஒரு சட்டம். தேசம் தன்னோட எல்லைக்காகக் கத்தி எடுக்கலாம். தனி மனுசன் மறு கன்னத்தைக் காட்டணும். ரெண்டையும் போட்டுக் கலக்குறவனுக்குத்தான் கொழப்பம்.”

அண்ணனே வேதாகமத்தை மூடி வைத்துவிட்டான். எனக்கும் சரியாகத்தான் பட்டது. எந்தச் சட்டம் யார் தலையில் விடியும் என்று அப்போது யாருக்குத் தெரியும்.

ஆந்திரம் தனி மாநிலமாகி, சித்தூர் யாருக்கு, திருத்தணி யாருக்கு என்று ஊர் ஊராகக் கத்திக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் சாதுக்கள் இல்லை. ரயில் மேல் கல் விட்டவர்கள் சிலரை எனக்கே தெரியும். ஒரு மத்தியானம், தமிழ் எழுத்து இருக்கிற பலகைகளுக்கெல்லாம் தார் பூசிக்கொண்டு ஒரு கூட்டம் எங்கள் தெருவுக்கு வந்தது. அண்ணன் கடைப் பலகையில் மேலே தமிழ், கீழே தெலுங்கு.

“கீய உங்க எழுத்தும் கீதுடா, பாத்துப் பூசுங்க” என்றான் அண்ணன்.

கூட்டத்தின் முன்னால் நின்றவன் மூப்பரின் மகன். கடையில் சாய்த்து வைத்திருந்த காற்றடிக்கிற பம்பையே எடுத்து அண்ணனின் இடது காதில் ஓங்கி அடித்தான். ரத்தம் வழிய வழிய வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். காயம் ஆறியது. அந்தக் காது அதற்குப் பிறகு கேட்கவில்லை.

போலீசில் புகார் கொடுத்தோம். கேஸ் கோர்ட்டுக்குப் போகும் என்று தெரிந்ததும் மூப்பர் பாஸ்டரய்யாவைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். காபி கொடுத்தோம், குடித்தார்கள்.

“எம்பையன் செஞ்சது தப்புதான்” என்று மூப்பர் அண்ணனிடம் ஆரம்பித்தார். “ஆனா அவனுக்கு உன்மேல பகையா? இல்லையே. அது எல்லைக்காக நடந்தது, தேசத்துக் காரியம். நீ போலீசுக்குப் போனதுதான் சொந்தக் கோபம். சனிக்கிழமை பேசினோமே, மறந்துட்டியா பாபு?”

அடித்தவன் தேசமாம், அடி வாங்கினவன் தனி மனுசனாம். வேதத்தில் முரண்பாடு இருக்கிறதோ இல்லையோ, எந்தப் பக்கத்தை யாருக்கு வாசிப்பது என்பதில் மூப்பருக்கு ஒரு குழப்பமும் இல்லை.

அண்ணன் நிதானமாகத்தான் பேசினான். “அந்தத் தோட்டத்துல வெட்டுன காத இயேசு தொட்டு சொஸ்தமாக்குனாரு மூப்பரே. சும்மா மன்னிச்சுக்கோன்னு சொல்லிட்டுப் போவல. எங்காத யாரு சரிபண்றது? நீங்க பண்ணிக் குடுங்க, நானு கேஸ வாபஸ் வாங்கிக்கிறேன்.”

பாஸ்டரய்யா தரையைப் பார்த்தார். மூப்பர் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டே எங்கள் நைனாவிடம், அதாவது அப்பாவிடம், கடை இருக்கிற இடம் நம் சபையுடையதுதானே என்று சாதாரணமாகக் கேட்டார். நைனாவின் முகம் செத்துப்போயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் மன்னிப்பைப் பற்றி. பாதி வரைக்கும் நானும் வாக்கியத்துக்கு வாக்கியம் சொல்லிக்கொண்டு வந்தேன். ஒரு காதுக்காகக் கிறிஸ்துவின் சரீரமாகிய சபையைக் கிழிக்கலாமா என்று பாஸ்டரய்யா தெலுங்கில் கேட்டுவிட்டு எனக்காக நிறுத்தினார். முன் பெஞ்சில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்த்து அதை நான் சொல்ல வேண்டும். அவர் இன்னொரு முறை சொன்னார். நான் இறங்கிப் போய் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

பிரசங்கம் நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. அவர் தெலுங்கிலேயே தொடர்ந்தார், யாரும் புரியாமல் விழிக்கவில்லை. சந்தையிலும் ஆபீசிலும் தெலுங்கு பேசிப் பிழைக்கிற ஜனங்கள், இதுவா புரியாது? இத்தனை வருஷம் நான் கத்தியதெல்லாம் தமிழ் வீட்டாருக்குக் காட்டிய ஒரு மரியாதை, அவ்வளவுதான். அது இல்லாமலே அழ வேண்டியவர்கள் அழுதார்கள். எனக்கு வந்த அவமானத்தை இப்போது நினைத்தாலும் கசக்கிறது.

கடைசியில் மூப்பரின் மகன் எல்லார் முன்னாலும் வந்து கையை நீட்டினான். அண்ணன் அசையவில்லை. நைனாதான் அண்ணனின் கையைப் பிடித்துத் தூக்கி அவன் கையில் வைத்தார். சபை ஸ்தோத்திரம் சொன்னது.

வீட்டுக்கு வந்ததும் நைனா கேட்டது ஒன்றுதான். “கடைய வுட்டுட்டு இன்னாடா துன்னுவ?” மறுநாள் அண்ணன் போய்ப் புகாரை வாபஸ் வாங்கினான்.

அப்புறம் எல்லை தீர்ந்தது. திருத்தணி தமிழ்ப் பக்கம் போயிற்று, சித்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. மூப்பருக்குத் திருத்தணிப் பக்கம் நல்ல நஞ்சை நிலம் இருந்தது. அது வேறு மாநிலமாகிவிடவே, பக்கத்து நிலத்துக்காரன் வரப்பை உள்ளே தள்ளிப் போட்டு உழுதுவிட்டான். மூப்பர் கேஸ் போட்டார். அவரை நான் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது காகிதக் கட்டோடு கோர்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். என்னால் சும்மா போக முடியவில்லை.

“மறு கன்னத்தக் காட்டலியா மூப்பரே? அந்தாண்ட இன்னும் கொஞ்சம் நெலம் பாக்கி கீதே” என்றேன்.

அவருக்குக் கோபமே வரவில்லை. வகுப்பில் பேசுகிற அதே பொறுமையோடு சொன்னார். “மாஸ்டரு, அது கன்னத்துக்குச் சொன்னது. இது நிலம்.”

பஸ் வந்தது, ஏறிப் போனார். நான் நேராக அண்ணன் கடைக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

“இந்தப் பக்கமா வந்து சொல்லு” என்றான்.

வலது பக்கம் போய் மறுபடியும் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. டியூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

“காது எதுல சேத்தி? கன்னத்துலயா, நெலத்துலயா? அத்தக் கேட்டியா நீ?”

கேட்கவில்லை என்றேன்.