ஞாயிற்றுக்கிழமைச் சூப்பு

வாடிப்பட்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் சத்துணவு ஆக்கும் தங்கப்பொண்ணுக்கு ஒரு கர்வம் உண்டு. அவள் கையால் சாப்பிட்டவர் யாரும் மெலிந்ததில்லை. இருபது வருஷமாக நூறு பிள்ளைகளுக்கு ஆக்கிப் போடுகிறவள், கர்வப்பட்டால்தான் என்ன? ஆனால் அந்தக் கர்வம்தான் இப்போது அவளைப் பேயாகப் பிடித்து ஆட்டுகிறது.

அவள் புருஷன் காசிமாயன் நெல் அறுக்கும் மிஷின் ஓட்டியவர். மூன்று வருஷத்துக்கு முன் இரண்டு கிட்னியும் கைவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் மதுரைக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வருவார். போன வருஷம் இடுப்பும் முழங்காலும் வலிக்க ஆரம்பித்தன. ஊரில் வைத்தியருக்கா பஞ்சம்? டீக்கடையில் பேப்பர் படிப்பவர்கூட ஆட்டுக்கால் சூப்பு என்றார். அவளுக்கும் அதுவே சரியென்று பட்டது. எலும்பு தேய்ந்தால் எலும்பைக் கொடுக்க வேண்டும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது.

ஞாயிறுதோறும் கறிக்கடைக்கு முதல் ஆளாகப் போய், தீயில் வாட்டிய நாலு கால் வாங்கி வருவாள். மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு, குக்கரில் பத்து விசில் விடுவாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த சாப்பாட்டுத் தாளில் உப்பு, இளநீர், வாழைப்பழம் ஆகாது என்றிருந்தது. தாளின் பின்பக்கத்தை அவள் திருப்பவேயில்லை. உப்பில்லாமல்தான் வைத்தாள், அதில் வேறு பெருமை. காசிமாயன் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடிப்பார்.

ஆடி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை, மதுரையிலிருந்து திரும்பியவர் பஸ்ஸை விட்டு இறங்கி வலது காலை ஊன்றினார். வழுக்கவில்லை, எதிலும் இடிக்கவில்லை. தொடை எலும்பு முறிந்துவிட்டது. பின்னால் இறங்கிய தங்கப்பொண்ணுக்கு அந்தச் சத்தம் கேட்டது. அன்றிலிருந்து சாம்பாருக்கு முருங்கைக்காயை அவள் கையால் ஒடிப்பதில்லை. அரிவாள்மனையில்தான் நறுக்குகிறாள்.

தொடையில் கம்பி வைத்த டாக்டர் பொறுமையாக விளக்கினார். கெட்டுப்போன கிட்னியால் பாஸ்பரஸை வெளியேற்ற முடியாது, அது ரத்தத்தில் தேங்கும். தேங்கத் தேங்க, கழுத்திலுள்ள குட்டிச் சுரப்பிகள் எலும்பிலிருக்கும் கால்சியத்தை உருவி ரத்தத்தில் விடும். எலும்பு உள்ளுக்குள்ளேயே வலுவிழந்துவிடும். வீட்டில் பாஸ்பரஸ் அதிகமுள்ள ஆட்டுக்கால், ஈரல் ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டார். அவள் வாயெடுப்பதற்குள், படுத்திருந்த காசிமாயன் முந்திக்கொண்டு, வெறும் ரசஞ்சோறுதான் என்றார்.

மறுநாள் அவள் தனியாகப் போய் டாக்டரிடம் உண்மையைச் சொன்னாள். இதில் எவ்வளவு தன்னால் வந்தது என்று கேட்டாள். சூப்பு கொடுக்காவிட்டாலும் இந்த நோயில் எலும்பு கெடும், சூப்பு அதற்கு ஒத்தாசை செய்திருக்கும், பிரித்துச் சொல்ல முடியாது என்றார் அவர். பாதி என்றாவது சொல்லியிருக்கலாம். செய்த பாவத்தின் அளவு தெரிந்தால் மனுஷி அழுதாவது தீர்ப்பாள். தெரியாத பாவம் அடுப்படியிலும் பஸ்ஸிலும் கூடவே வந்தது.

வீடு திரும்பிய பத்தாம் நாள், அவர் காலுக்குத் தலையணை வைத்துக்கொண்டிருந்தவள் அதற்குமேல் அடக்க மாட்டாமல் கேட்டுவிட்டாள்.

"டாக்டர்ட்ட ஏன் பொய் சொன்னீக?"

அவர் அவளைப் பார்க்காமலே பதில் சொன்னார். "டயாலிசிஸ் போடுற நர்ஸ்புள்ள பங்குனியிலயே சொல்லிருச்சு, ஆட்டுக்கால் ஆகாதுன்னு."

"பெறகு எதுக்குக் குடிச்சீக?"

"நோவு வந்ததுலேருந்து நீ எதக் கொண்டாந்தாலும் வேணாம் வேணாங்கிறேன். அது ஒண்ண அம்புட்டு ஆசையா நீட்டுவ. அதையாச்சும் வேணாங்காம இருப்போம்னுதான்."

பங்குனியிலிருந்து ஆடிவரை எத்தனை ஞாயிற்றுக்கிழமை என்று அவள் மனம் தன்பாட்டுக்கு எண்ண ஆரம்பித்தது. வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருக்கலாமே என்று ஆத்திரம் பொங்கியது. அவர் நெஞ்சில் ஓங்கி ஒரு குத்துக் குத்த வேண்டும் போலிருந்தது. விலா எலும்பு உடைந்துவிடுமோ என்ற பயத்தில், கையை மடியிலேயே இறுக்கி வைத்துக்கொண்டாள்.