எதிரே இருப்பவருக்கு நேராக

யுகேந்திரனின் பெயரைக் குமுதா டீச்சர் தலைகீழாக எழுதிக்கொண்டிருக்கிறார். குட்டை மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து வயது யுகேந்திரன், இந்தப் பக்கம் டீச்சர். அவர் தாளைத் திருப்புவதில்லை; எழுந்து போய்ப் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நிற்பதுமில்லை. பென்சிலை வலமிருந்து இடமாக நகர்த்துகிறார். பிள்ளையின் கண்ணுக்கு எழுத்துகள் ஒவ்வொன்றாக நேராக முளைக்கின்றன. "ஆறெழுத்து ஒனக்கு. இம்மாம் பெரிய பேர வச்சிக்கிட்டு இத்தினியூண்டு ரப்பர் கொண்டாந்திருக்கே?" என்கிறார். யுகேந்திரன் ரப்பரைப் பார்த்து வருத்தப்படுகிறான்.

குமுதா டீச்சருக்கு வயது நாற்பத்து மூன்று. பத்து காஜா நகருக்கு வெளியே, முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்து இப்போது வரிசை வீடுகளாகிவிட்ட எங்கள் தாமான் குடியிருப்பில், ஒரு மூலை வீட்டில் இயங்கும் பாலர் பள்ளியில் பதினெட்டு ஆண்டுகளாக ஆசிரியை. பள்ளியின் சுவரும் என் வீட்டுச் சுவரும் ஒன்று. காலை எட்டு மணிக்கு அந்தப் பக்கம் 'அ' தொடங்கும்போதுதான் இந்தப் பக்கம் நான் பசியாறுவேன்.

எதிரே இருக்கும் பிள்ளைக்கு நேராகத் தெரியட்டும் என்று தலைகீழாக எழுதி எழுதி, தலைகீழாகப் படிப்பதும் அவருக்குப் பழகிவிட்டது. வங்கி முகப்பில் அதிகாரி எழுதுவது, போலீஸ்காரர் சம்மன் தாளில் நிரப்புவது, கோப்பிக் கடையில் அடுத்த மேசைக்காரரின் நாளிதழ் என்று எதிரே உள்ள எழுத்தெல்லாம் அவர் கண்ணில் தானாக ஏறிவிடும். "நா பாக்கல அண்ணே, கண்ணு பாக்குது. நா என்னா செய்றது?" என்பார்.

சென்ற ஆண்டு என் மனைவியை மருத்துவமனையில் சேர்த்திருந்தபோது, டாக்டர் என்னிடம் பேசிக்கொண்டிருந்த மேசைக்கு இந்தப் பக்கம் குமுதா டீச்சரும் நின்றிருந்தார். டாக்டர் முன்னாலிருந்த தாளை அன்று அவர் படித்துவிட்டார் என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் மாலை முதல் பிள்ளைகளின் படப்புத்தகம் ஒன்றுடன் வந்து, கட்டிலுக்கு அருகே உட்கார்ந்து படித்துக் காட்டினார். பன்னிரண்டு மாலைகள், அவள் இருந்த கடைசி மாலை வரை. என் மனைவி சிரித்த சத்தத்தைக் கேட்டுத் தாதி வந்து எட்டிப் பார்த்ததுண்டு.

பாலர் பள்ளி வேலையில் அவருக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு முன் காய்கறிச் சந்தையில் தம்மிடம் படித்த பெண் ஒருத்தியைப் பார்த்தார். நான்காம் ஆண்டுக்குப் போய்விட்டவள். "இப்ப என்னா கதைப் புத்தகம் படிக்கிறே?" என்று ஆசையாகக் கேட்டிருக்கிறார். "புத்தகமா? அது பரீட்சைக்குத்தானே டீச்சர்?" என்றாளாம். அன்று வீட்டுக்குப் போனவர் வாங்கிய கீரையைச் சமைக்கவே இல்லை. "ஆறு வயசு வரைக்கும் நா பிடிச்சி வச்சிக்கிறேன். அதுக்கப்புறம் யாரு பிடிக்கிறா? பாலர் பள்ளிக்கே வராத பிள்ளைங்கள யாரு பிடிக்கிறா?" என்று என் வாசலில் வந்து நின்று, நானே எல்லாரையும் நழுவவிட்டதுபோலக் கேட்டார்.

அன்று தொடங்கியது அவருடைய வேலை தேடல். பிள்ளைகளைப் படிக்க வைக்கிற வேலை உலகத்தில் வேறு என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தார். நூலகத்தில் பிள்ளைகள் பிரிவுக்கு ஆள் தேவை என்றார்கள், பட்டம் கேட்டார்கள். அவரிடம் இருந்தது பாலர் கல்விச் சான்றிதழ். பயிற்சி நூல் விற்கும் ஒரு பதிப்பகத்தில் பள்ளி விடுமுறையில் ஒன்பது நாள் வேலை செய்தார். வீடு வீடாகப் போய்ப் புத்தகத்தைக் காட்டிவிட்டு, "வாங்காதீங்கக்கா, பிள்ள ரெண்டாம் பக்கத்துலயே தூங்கிரும்" என்று தாய்மார்களிடம் சொன்னதால் பத்தாம் நாள் தேவைப்படவில்லை. ஈப்போவில் ஒரு பேரங்காடியில் கதை சொல்லக் கூப்பிட்டார்கள். போனால், துணியில் செய்த பெரிய முயல் தலையை எடுத்துத் தலையில் கவிழ்த்துவிட்டார்கள். முன் வரிசைப் பிள்ளைகள் அழுதார்கள். "மொயல் தலைய போட்டா என் வாய் தெரியல அண்ணே. வாயே தெரியாம என்னா கதை?" தலையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுக் கதை சொல்லியிருக்கிறார். முயல் தலையில்லாமல் நிற்பதைக் கண்டு பின் வரிசைப் பிள்ளைகளும் அழுதார்கள்.

இந்த ஆண்டுத் தொடக்கத்தில், ஈப்போவில் உள்ள ஓர் அறவாரியம் புத்தக வேன் ஒன்றை ஓட்டப்போவதாக அறிவித்தது. வடக்கே பாரிட் புந்தார், மேற்கே லூமுட், இங்கே பத்து காஜா என்று மூன்று பக்கமும் போய், அடுக்குமாடி வீடுகளிலும் பழைய தோட்டக் குடியிருப்புகளிலும் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டி, புத்தகம் இரவல் கொடுத்து வர ஒருவர் தேவை. அறிவிப்பை எனக்குக் காட்டியபோது குமுதா டீச்சர் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காமல் பேசினால் அது பெரிய விஷயம். "இது கெடைக்கணும் அண்ணே. இது எனக்குன்னே செஞ்ச வேல," என்றார்.

நேர்முகத் தேர்வுக்கு என் சாப்பாட்டு மேசையில் ஒத்திகை. நான் கேள்வி கேட்பவர். டீச்சரின் கணவர் சுகுமாரன், தொழிற்சாலை பஸ் ஓட்டுநர், வேடிக்கை பார்க்கிறவர்.

"உங்கள் பலவீனம் என்ன?" என்று கேட்டேன்.

"வடை."

"வேறு சொல்லுங்கள்."

"வாய் அண்ணே," என்று மனைவிக்குப் பதிலாகச் சுகுமாரன் சொன்னார். "நா கல்யாணம் கட்டுன நாள்லேருந்து சொல்லிக்கிட்டு இருக்கேன், ஆரு கேக்கறா?"

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது என்று முடிவாயிற்று. டீச்சர் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். சுகுமாரனின் தலையில்.

தேர்வு ஈப்போவில், ஒரு கோப்பிக் கடையின் மாடியில். அன்று மாலை மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு இருவரும் என் வாசலுக்கு வந்தார்கள். டீச்சர் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"ரெண்டு பேரு இருந்தாங்க. ஒரு பெரியவரு, அப்புறம் தலைவி அம்மா, அனுஜான்னு. அவரு என்னா எழுதுறாருன்னு பாக்கவே கூடாதுன்னுதான் இருந்தேன். கண்ணு போயிருச்சி."

"என்ன எழுதினார்?"

"பட்டம் இல்ல. வயசு நாப்பத்து மூணு. வேணாம். பக்கத்துல ஒரு கேள்விக்குறி."

"அதோடு விட்டுவிட்டீர்கள்தானே?"

"சார், வேணாம்னு போட்டது போட்டதாவே இருக்கட்டும், அந்தக் கேள்விக்குறிய மட்டும் அழிச்சிறாதீங்கன்னேன்."

நான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"பாத்தீங்களா!" என்றார் சுகுமாரன். "ஒரு நாளு அண்ணே. ஒரே ஒரு நாளு. என் தல மேல சத்தியம் வேற."

"ஒனக்கு ஒண்ணும் ஆவலதானே? சும்மா இருய்யா."

பெரியவர் பரீட்சை மண்டபத்துப் பிள்ளையைப் போலத் தாளைக் கையால் மறைத்துக்கொண்டாராம். அனுஜா மட்டும், "எப்பிடி வாசிச்சனீங்கள்?" என்று யாழ்ப்பாணத் தமிழில் கேட்டிருக்கிறார். டீச்சர் பென்சில் வாங்கி, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு நேராக 'அனுஜா' என்று எழுதிக் காட்டினார். தம் பெயரைத் தமிழில் எழுதிப் பார்த்துப் பல வருடமாகிறது என்று சொன்ன அனுஜா, அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். ஆனால் வேலை கொடுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை வேனோடு போய்ச் செய்து காட்ட வேண்டும், அதைப் பார்த்துவிட்டு முடிவு என்றார்.

அந்தச் சனிக்கிழமை, பாய் தூக்க ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். ஈப்போவின் ஓரத்தில் ஐந்து மாடிக் குடியிருப்பு. தோட்டங்களை விட்டு வந்த குடும்பங்கள் அங்கே நிறைய. வேன் ஓட்டுநர் பத்துமலை இறங்கும்போதே கையை விரித்தார். "இங்க பிள்ளைங்க வராதுங்க டீச்சர். போன மாசம் மைக்கு வச்சி கூப்ட்டோம். ரெண்டு பூனதான் வந்துச்சி லா." அனுஜா தாள் செருகிய அட்டையோடு சற்றுத் தள்ளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். மணி பத்து. பத்தரை. ஒரு பிள்ளையும் இல்லை. அனுஜாவின் பேனா இரண்டு முறை எதையோ குறித்தது. குமுதா டீச்சர் இந்த முறை அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

மைக்கை வேனிலேயே வைத்துவிட்டு, படிக்கட்டின் அடியில் பாயை விரித்து என்னை உட்காரச் சொன்னார். "அண்ணே, நீங்கதான் பிள்ள." குடை வாங்கப் போன முதலையின் கதையை எனக்கே படிக்க ஆரம்பித்தார், மூன்றாம் மாடிக்குக் கேட்கும்படி. "மொதல கடைக்குப் போச்சி. எந்தக் கலர் குடை கேட்டிருக்கும், சொல்லுங்க?"

"கறுப்பு," என்றேன்.

"பச்ச!" என்றது மேலேயிருந்து ஒரு குரல்.

டீச்சர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "இவரு கறுப்புங்கிறாரு. சரி, கறுப்புன்னே வச்சிக்குவோம்."

"இல்ல! பச்ச! மொதல பச்சைதானே, கறுப்ப வாங்கி என்னா செய்யும்?"

நான் தொடர்ந்து தவறாகச் சொன்னேன். முதலைக்கு எத்தனை கால் என்று கேட்டதற்கு இரண்டு என்றேன். கைப்பிடிச் சுவரெல்லாம் தலைகள் முளைத்தன. என்னைத் திருத்துவதற்காகவே சிலிப்பர் சத்தத்தோடு பிள்ளைகள் இறங்கி வந்தார்கள். "இந்த அங்கிளுக்கு ஒண்ணுமே தெரியல லா," என்று ஒருத்தி என் தோளில் கை வைத்து இரங்கினாள். இந்த ஆண்டில் நான் அவ்வளவு சிரித்தது அன்றைக்குத்தான்.

பாய் நிறைந்தது. கடைசி இரண்டு பக்கங்கள் இருக்கும்போது டீச்சர் புத்தகத்தை விரித்தபடியே பாயின் நடுவில் வைத்தார். "தொண்ட காஞ்சிபோச்சி, தண்ணி குடிச்சிட்டு வாரேன்," என்று எழுந்து வேனுக்குப் போய்விட்டார். பத்துமலை தண்ணீர்ப் புட்டியை நீட்ட, அதை வாங்கித் திறக்காமலே நின்றார். பிள்ளைகள் புத்தகத்தின் மேல் குனிந்தார்கள். பிறகு பத்து வயதுப் பெண் ஒருத்தி, எழுத்து எழுத்தாக, "மொ... முத... முதலை..." என்று தொடங்கினாள். அவளுக்குத் தட்டிய இடத்தில் இன்னொருத்தி. சண்டையும் படிப்புமாக, முதலை குடையோடு ஆற்றுக்குள் இறங்கியது. அனுஜா அட்டையை மடியில் கவிழ்த்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை அழைப்பு வந்தது. முதலில் ஓராண்டு ஒப்பந்தம், அடுத்த மாதம் வேலையில் சேர வேண்டும். செய்தி சுவரைத் தாண்டி எனக்கே கேட்டது. பிள்ளைகள் காரணம் தெரியாமல் கூடவே கத்தினார்கள். சுகுமாரன் தாமான் முழுக்க வடை கொடுத்தார்.

பாலர் பள்ளியை இனிப் பார்த்துக்கொள்ளப் போகிறவள் தினேஸ்வரி. வயது இருபத்து நான்கு, மூன்று ஆண்டுகளாக அங்கே துணை ஆசிரியை. பயந்த சுபாவம். "ஒனக்குத் தெரியும்லா. நா இருந்தா நீ என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருப்பே," என்று டீச்சர் அவளிடம் ஒரு மாதமாகச் சொல்லி வந்தார். ஆனால் அந்த ஒரு மாதமும் காலைக் கதையைத் தாமே படித்தார்.

சென்ற வெள்ளிக்கிழமை அவருக்குக் கடைசி நாள். புத்தக அலமாரியின் ஆடும் காலைச் சரிசெய்ய நான் போயிருந்தேன். காலைக் கதை நேரம். தினேஸ்வரி முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தாள். குமுதா டீச்சர் பின் வரிசையில், பிள்ளைகளின் சிறு நாற்காலி ஒன்றில், முழங்கால் மோவாயைத் தொட உட்கார்ந்திருந்தார். தினேஸ்வரியின் குரல் முதலில் நடுங்கியது, பிறகு சரியாயிற்று. மூன்றாம் பக்கத்தில் அவசரப்பட்டுவிட்டாள். பின்னாலிருந்த பவித்ரன் படத்தை எட்டிப் பார்ப்பதற்குள் தாளைத் திருப்பிவிட்டாள்.

குமுதா டீச்சரின் வலக்கை தானாக எழுந்தது. தோள் உயரம் வரை வந்து அப்படியே நின்றது. முன்னால் தினேஸ்வரி தயங்கினாள், பிள்ளைகளைப் பார்த்தாள்.

டீச்சர் கையைக் கீழே இறக்கினார். இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் செருகி, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.