மூத்தாரும் நானும் பிரேக் பார்த்த கதை

என் தையல் மிஷின் மேசையில், ஊசிப் பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு கறுப்புப் பொத்தான் கிடக்கிறது. சட்டைப் பொத்தான் இல்லை. உள்ளங்கை அகலம், நடுவில் லேசாகக் குழிந்தது. ஒரு காரின் ஹாரன் பொத்தான். இது என்ன என்று யாராவது கேட்டால், என் மூத்தாரும் நானும் முதன்முதலில் பேசிக்கொண்டது இதில்தான் என்பேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று சிரிப்பார்கள்.

மூத்தார் என் கணவரின் அண்ணன். கடலூர் துறைமுகத்தில் படகு எஞ்சின் பார்க்கிறவரின் மகளான நான், 2004இல் சிதம்பரத்தில் தேரோடும் வீதிக்குப் பின்சந்தில் இருந்த அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனேன். ஆறே மாதத்தில் கணவர் துபாய்க்கு விமானம் ஏறிவிட்டார். மிஞ்சியது மாமியார், மூத்தார், நான். மூத்தாருக்கு எதிரில் நிற்கக் கூடாது, நேருக்கு நேர் பேசக் கூடாது என்பது மாமியாரின் சட்டம். மூத்தாரும் அதை மீறாதவர். கடலூர் பக்கத்துக் குடிகாட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. சாயந்திரம் வீடு வந்ததும் வாசலில் நின்று சாவிக்கொத்தை இரண்டு முறை குலுக்குவார். நான் எழுந்து உள்ளே போய்விட வேண்டும். மூன்று வருஷம் அந்தச் சாவிச் சத்தத்தை அறிந்த அளவுக்கு அவர் முகத்தை நான் அறியவில்லை.

கல்யாணமே வேண்டாம் என்று இருந்த அந்த மனிதர், நாற்பது வயதுக்கு மேல் ஒரு காரைக் கூட்டிக்கொண்டு வந்தார். புதுச்சேரியில் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது விட்டுப்போன பழைய ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு நிறம், தரையோடு ஒட்டிய உடம்பு, இரண்டே சீட்டு. லாரியில் வந்து இறங்கியதே தவிர ஓடவில்லை. "மூணு பேரு இருக்கிற ஊட்டுக்கு ரெண்டு பேரு குந்துற வண்டி. இவன் புத்திய என்னான்னு சொல்றது!" என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டார்.

ஊர் மெக்கானிக்குகள் பானெட்டைத் திறந்து பார்த்து, பார்ட்ஸ் கிடைக்காது என்று கும்பிடு போட்டுவிட்டார்கள். அதன்பின் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் கொல்லைப்புறத்தில் அவர்தான் மெக்கானிக். பேட்டரி முனையில் பூத்திருந்த உப்பை என் சமையலறைச் சோடா மாவையும் வெந்நீரையும் கொண்டே கரைத்தார். எஞ்சின் கொதித்துக் கொதித்து நின்றது. ரேடியேட்டர் ஹோஸில் விரிசல், அந்த அளவு ஹோஸ் எங்கும் இல்லை என்று தாயிடம் அவர் சொன்னது ஜன்னல் வழியாக என் காதில் விழுந்தது. அப்பாவிடம் சொல்லி ஒரு படகு எஞ்சின் ஹோஸை வரவழைத்து மாமியார் கையில் கொடுத்தேன். "கரெக்டா இருக்குன்னு சொல்லும்மா," என்றார் மூத்தார், தாயிடம். சுவருக்கு இந்தப் பக்கம் மூன்றடி தூரத்தில்தான் நான் நின்றிருந்தேன். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

2007 ஆனி பிறந்தது, ஊரில் ஆனித் தேர் நெருங்கியது. பொறுமை தீர்ந்த மாமியார் ஒரே போடாகப் போட்டார்: "தேரு ஓடறதுக்குள்ள இது ஓடணும். இல்ல, பழைய இரும்புக்காரன் வந்து தூக்கினு போவான்." அவர் சொன்னால் செய்கிறவர். மூத்தார் அன்று சாப்பிடாமல் எழுந்து போனார். அந்த வண்டியைத் தவிர அந்த மனிதருக்கு இந்த உலகத்தில் வேறு ஆசை எதுவும் இருந்ததாக நான் பார்க்கவில்லை.

அப்போது எஞ்சின் ஓடத் தொடங்கியிருந்தது. நிற்கத்தான் மாட்டேன் என்றது. பிரேக் குழாயில் காற்று புகுந்து, மிதித்தால் பெடல் தலையணைபோல அமுங்கியது. காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடித்திருக்க, மற்றவர் சக்கரத்தின் பின்னால் உள்ள சின்ன நிப்பிளைத் திறந்து, ஆயிலோடு காற்றை வெளியேற்றி மூடுவார். மூடிய பிறகுதான் காலை எடுக்கலாம். முந்தி எடுத்தால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வரும். மாமியாருக்குக் கால் எட்டவில்லை. மிச்சம் நான்தான். சட்டத்துக்கு அவரே வழி கண்டுபிடித்தார்: "வண்டிக்குள்ள இருந்தா உள்ள இருக்கிறதுதான். போய்க் குந்து."

ஆனால் பேச்சு மட்டும் மாமியார் வழியாகத்தான். "அழுத்தச் சொல்லும்மா" என்று சக்கரத்தடியிலிருந்து குரல் வரும். "அழுத்தணுமாம்டி," என்பார் மாமியார். "அழுத்தியிருக்கேன்னு சொல்லுங்க அத்தை." அவர் சொல்வார், கூடவே ராத்திரிக்கு என்ன குழம்பு என்றும் கேட்பார். "மூடிட்டேன், வுடச் சொல்லு" என்பது குழம்போடு கலந்து எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. "இன்னும் வுடாத" என்பது நான் காலை எடுத்த பிறகு வந்து சேரும். மூன்று நாள் இதே கூத்து. வாங்கி வந்த பிரேக் ஆயில் எல்லாம் பாட்டிலில் இறங்கியதுதான் மிச்சம்.

தேருக்கு முந்தைய நாள் மத்தியானம் மாமியார் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். பெடல் என் காலடியில், ஆடுசதை நடுங்குகிறது, சொல்ல ஆளில்லை. என்ன தோன்றியதோ, ஹாரனை ஒரு முறை அமுக்கினேன்; மாமியார் எழாத அளவுக்கு முனகலாகத்தான் வந்தது. நிப்பிளை மூடியதும் கீழேயிருந்து ஸ்பேனரால் சக்கரத்தில் டொக்கென்று ஒரு தட்டு. காலை எடுத்தேன். மறுபடி மிதித்து ஹாரன். மறுபடி ஒரு தட்டு. இப்படியே மூன்று சக்கரம் முடிந்தது. ஊரில் எந்த அண்ணனும் தம்பி பெண்டாட்டியும் அவ்வளவு பேசியிருக்க மாட்டார்கள்.

நாலாவது என் பக்கத்து முன்சக்கரம். சக்கரத்தைக் கழற்றிவிட்டுத் தலையை உள்ளே நுழைத்திருந்தார். தொழிற்சாலையில் ஹெல்மெட் போடாதவனைத் திட்டித் தீர்க்கிற மனிதர், வீட்டில் ஒரு கட்டைகூட முட்டுக் கொடுக்காமல் ஜாக்கியை மட்டும் நம்பிப் படுத்திருந்தார். முந்தின நாள் மழையில் மண் ஊறியிருந்தது. பெடலை மிதித்தபடி திறந்த கதவு வழியே பார்க்கிறேன், ஜாக்கி மெல்லச் சாய்கிறது. கை ஹாரனுக்குப் போனது. ஹாரன் அடித்தால் அவருக்கு ஒரே அர்த்தம்தான், மிதித்திருக்கிறேன், வேலையைப் பார். கையை எடுத்துவிட்டுக் கத்தினேன்.

"மாமா! வெளிய வாங்க!"

புரண்டு வந்தார். வண்டி தடாலென்று மண்ணில் இறங்கியது. அவர் தலை இருந்த இடத்தில் இரும்பு இருந்தது. மாமியார் அலறி எழுந்தார். மூத்தார் மல்லாந்து கிடந்தார், மார்பெல்லாம் சேறு. என்னைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக் கேட்டார்:

"பெடல வுட்டுடலயேம்மா?"

"வுடல மாமா," என்றேன். காலை எடுக்கவில்லை.

பலகை போட்டு ஜாக்கியை மறுபடி ஏற்றி, முட்டுக் கொடுத்து, நிப்பிளை மூடி, "இப்ப வுடும்மா" என்று அவரே என்னிடம் சொல்லும்வரை பிடித்திருந்தேன். மாமியார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பேசிட்டீங்கல்ல? இனிமே என்ன நடுவுல இழுக்காதீங்க. எனக்கு அடுப்புல வேல இருக்குது," என்று உள்ளே போனார். வண்டி அன்று சாயந்திரமே ஓடியது, சொன்ன இடத்தில் நின்றது. முதல் சவாரி மாமியாருக்குத்தான். "தரையில குந்துற மாரியே இருக்குது" என்று குறை சொல்லிக்கொண்டே மூன்று சுற்று போய்வந்தார்.

பிறகு துபாயில் என் கணவருக்கு வேலை போனது. திரும்பி வந்து மாதக்கணக்கில் யாரோடும் பேசாமல் படுத்துக் கிடந்தார். உறவுக்காரர்கள் ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். மூத்தார் ஒரு நாள் பழைய வழக்கப்படி சாவியைக் குலுக்கிவிட்டு, நான் நகராமல் நிற்பதைப் பார்த்து, "பெடல வுட்டுடலயேம்மா?" என்று மட்டும் கேட்டார். அன்றுதான் நான் வாய்விட்டு அழுதேன். அழுதுகொண்டே "வுடல மாமா" என்றேன். அதன்பின் நல்லாயிருக்கியா என்று அவர் என்னைக் கேட்டதே இல்லை, கேட்டதெல்லாம் இதைத்தான்.

கண் மங்கியதால் 2012இல் வண்டியை விற்றார். வாங்கியவரிடம் கெஞ்சி ஹாரன் பொத்தானை மட்டும் கழற்றிக்கொண்டு வந்து, சாவியைக் குலுக்காமல் நேரே அடுப்படிக்கு வந்து என் கையில் கொடுத்தார். போன வருஷம் அவரும் போய்விட்டார்.

தைக்கும்போது எப்போதாவது இந்தப் பொத்தானை ஒரு முறை அமுக்கிப் பார்ப்பேன். சத்தம் எங்கே வரப்போகிறது? வலது கால் மட்டும் தானாகத் தரையை அழுத்திக்கொள்ளும். தட்டு கேட்கிற வரைக்கும் எடுக்கக் கூடாது என்று அதற்குத் தெரியும்.