குகைச் சுவரில் ஒரு கை

தகரக் கூரையில் பெருமழை விழுந்தால் எங்கள் வீட்டில் டிவி பேசுவது யாருக்கும் கேட்காது. படம் மட்டும்தான். அந்தச் சனிக்கிழமை மதியம் அப்பாவும் நானும் பார்த்ததும் ஏறக்குறைய ஊமைப்படம்தான்...

புக்கிட் ரோத்தானில் நாங்கள் இருந்த காலம். நான் மூன்றாம் படிவம், பதினைந்து வயது. அம்மா தஞ்சோங் காராங்கில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தார். மழையில் ஒரே ஒரு சேனல்தான் தெளிவாக வந்தது. அதில் ஏதோ குகை.

"என்னலா இது, வெறும் பாறையக் காட்டுறான்?" என்றார் அப்பா.

கீழே ஓடிய மலாய் எழுத்தைப் படித்து அவருக்குத் தமிழில் சொன்னேன். ஆதிமனிதர்கள் வரைந்த ஓவியங்களாம். இருபதாயிரம் வருடங்களுக்கும் முந்தியவையாம்.

யாரோ விளக்கை மெல்ல நகர்த்தினார்கள். இருட்டுக்குள்ளிருந்து ஒரு குதிரை வந்தது. அப்புறம் காட்டெருமைகள்... கூட்டமாக. வெளிச்சம் அசைய அசைய அவற்றின் கால்களும் அசைந்தன. அப்பா நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஓடுது பாரும்மா... நெசமாவே ஓடுது!"

அடுத்த குகையில் மிருகங்கள் இல்லை. கைகள். சுவரில் கையை வைத்து, சுற்றிலும் சிவப்பு மண்ணை வாயால் ஊதியிருக்கிறார்கள். கையை எடுத்த பிறகும் அதன் வடிவம் அங்கேயே நின்றுவிட்டது. சுவர் முழுக்கக் கைகள்...

அவற்றில் பலவற்றில் விரல்கள் குறைந்திருந்தன.

நான் படிப்பதை நிறுத்திவிட்டேன்.

அப்பாவின் இடது கையில் மூன்று விரல்கள்தான். நான் பிறப்பதற்கு முன்பே, அவர் வேலை செய்த செம்பனை எண்ணெய் ஆலையில் மற்ற இரண்டும் இயந்திரத்தில் போய்விட்டன. அந்தக் கை எப்போதும் கால்சட்டைப் பைக்குள்ளேயே இருக்கும். குடும்பப் படங்களில் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

"என்னா போட்டிருக்கான்? படி."

"வெட்டுப்பட்டிருக்கலாம், குளிர்ல போயிருக்கலாம், இல்ல வேணும்னே மடக்கி வெச்சிருக்கலாமாம்ப்பா... ஏன்னு யாருக்கும் நிச்சயமா தெரியலயாம்."

அப்பா எழுந்தார். பையிலிருந்து கையை எடுத்து, திரையில் தெரிந்த ஒரு கையின் மேல் வைத்தார்.

"ஒளிச்சு வெக்கல பாரு... எல்லார் கையோடவும் சேத்து வெச்சிருக்கான்."

காட்சி மாறியது. அவர் கையை எடுக்கவில்லை.

மழை விட்டதும் அவரே கேட்டார், "நம்மளும் வெப்போமா?"

பக்கத்து வீட்டில் கொட்டியிருந்த செம்மண்ணில் ஒரு பிடி எடுத்துக் கரைத்து, துணி தேய்க்கும்போது தண்ணீர் தெளிக்கிற போத்தலில் ஊற்றினேன். அப்பா பின்சுவரில் இடது கையை விரித்து வைத்தார். விரல் இல்லாத இடத்துக்கு வந்ததும் போத்தலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

"பயப்படாம அடிம்மா, வலிக்காது."

கையை எடுத்தார். சுவரில் மூன்று விரல்களோடு ஒரு கை... அதன் பக்கத்தில் என் கையையும் வைத்தேன்.

சாயங்காலம் அம்மா வந்தார். "சுவத்த என்னா பண்ணி வெச்சிருக்கீங்க ரெண்டு பேரும்?" என்று கத்திக்கொண்டே கிட்டே வந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"நான் வர்ற வரைக்கும் பொறுத்திருந்தா என்னா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த வருடக் கடைசியில் பள்ளியில் பரிசளிப்பு விழா. மேடையில் நின்று பெற்றோர் வரிசையைப் பார்த்தேன். அப்பா கைதட்டிக்கொண்டிருந்தார். அவர் கைதட்டி நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

இப்போது நாங்கள் ரவாங்கில் இருக்கிறோம். அந்தப் பின்சுவருக்கு ஒரு போட்டோகூட இல்லை. எடுக்க வேண்டும் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. இன்று என் போனில் காலையில் சாப்பிட்ட ரொட்டி சானாய்க்குக்கூட மூன்று படங்கள் இருக்கின்றன.

போன வாரம் இன்னொரு குகை டாக்குமெண்டரி கண்ணில் பட்டது. அப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். பெரிய டிவி, பாறையின் கீறல்கூடத் தெரிகிறது. சோபாவில் சாய்ந்தபடியே கடைசி வரை பார்த்தார்.

"நல்லா இருந்துச்சாப்பா?"

"பெருசாத்தான் தெரியுது... ஆனா அன்னிக்கு இன்னும் கிட்டத்துல இருந்துச்சு லா."