மூங்மான் ஜங்ஷனில் யாரும் தூங்கக்கூடாது

ரயிலில் ஊர்ப்பெயர் கூவுகிற வேலையைப்போல நன்றிகெட்ட வேலை கிடையாது: தொண்டை நம்முடையது, தூக்கம் அவர்களுடையது. சைகோனில் ஏறி, மூங்மான் ஜங்ஷனில் இறங்கி, அங்கே காத்து நிற்கும் ஒற்றைப் பெட்டி வண்டிக்கு மாறினால் பான்தியெட் கடற்கரை. அந்தக் குட்டிக் கிளைப்பாதைக்கு ஆளை இறக்கிவிடுவது என் பொறுப்பு. நீங்களும் என்றைக்காவது தூங்கி ஊரைத் தாண்டிப் போயிருப்பீர்கள், அந்த உரிமையில் சொல்கிறேன்.

கடலும் ஜாடியும்

பாதை போட்டதே சைகோனை ஆளும் பிரெஞ்சுத் துரைமார் கடலில் குளிக்கத்தான் என்பார் கிளைவண்டி கார்டு ஞானப்பிரகாசம் அண்ணன். எங்கள் காரைக்கால்காரர். முதல் வண்டிக்குப் பாண்டு வாத்தியம், கொடி எல்லாம் உண்டாம். துரைமார் ஈரத்தலையோடு திரும்பியபோது கூடவே பான்தியெட் சரக்கும் ஏறியது: நுவோக் மாம் என்கிற மீன்சாறு, ஜாடி ஜாடியாக. வளைவில் ஒரு ஜாடி உடைந்தது. பட்டுக்குடை துரைசானி ஒருத்தி மூக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டாளாம் (அந்த மூக்கோடேயே நான் சொல்லிக் காட்டுவேன்): “முசியே, நான் குளித்தது கடலிலா, குழம்பிலா?”

செட்டியாரின் தாலாட்டு

துரைமார் வரத்து குறைந்தது. மற்றவர்கள் இருட்டோடு சைகோனில் ஏறுவார்கள்; ஜங்ஷன் வரும்போது வண்டியே குறட்டை விடும். “மூங்மான்!” என்று கத்துவேன். எல்லா ஸ்டேஷனிலும் கத்துகிற குரல்தானே, ஒருத்தரும் அசையமாட்டார்கள். கிளைவண்டி காலியாகப் போகும். கடைசியில் ஆபீசிலிருந்து சேதி வந்தது: இன்ஸ்பெக்டர் நேரில் வருவார், ஆள் இல்லையென்றால் பெட்டியைக் கழற்றிவிடுவார்கள், இனிமேல் ஜாடிகள் மட்டும் போகும். அண்ணனுக்கும் எனக்கும் வேலை போச்சு.

ஒவ்வொரு பயணத்திலும் தவறாமல் தாண்டிப் போகிறவர் எங்கள் தெருவில் கிட்டங்கி வைத்து வட்டிக்கு விடும் செட்டியார். அழாத குறையாகப் போய்க் கேட்டேன்: “நான் கத்தினது காதுல விழலீங்களா?” அவர் தாராளமாகச் சிரித்தார். “விழுந்துச்சு தம்பி, தாலாட்டு மாதிரி ரொம்ப சுகமா இருந்துச்சு.”

காப்பி ஆறுது

யார் பேசினாலும் அந்தக் குரல் என் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் பாதிரியார் குரலில் விடுமுறை விட்டு, முதுகில் வாங்கியவன் நான். கிட்டங்கிச் சமையல்காரர் காலையில் போடும் அதட்டல் எங்கள் வீடு வரைக்கும் கேட்கும். அடுத்த பயணத்தில், ஜங்ஷன் வந்ததும் செட்டியார் காதருகே குனிந்து அதை அப்படியே போட்டேன்: “காப்பி ஆறிப்போச்சு, இனிமே சுடவைக்க மாட்டேன்!”

செட்டியார் துண்டை உதறிக்கொண்டு இறங்கி, பிளாட்பாரத்தில் நின்று டம்ளருக்குக் கை நீட்டினார். டம்ளர் இல்லை, எதிரே கிளைவண்டி நின்றது. என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், ஏறினார். “அடப்பாவிப் பயலே, பான்தியெட்டுக்குப் போற அன்னைக்கே போய்ச் சேர்றது இதுதான்டா முதல் தடவை!”

பெரிய துரையின் கனைப்பு

இன்ஸ்பெக்டர் வந்த நாளில் ஞானப்பிரகாசம் அண்ணன் ஜங்ஷனில் ஜெபமாலையோடு நின்றார். நான் பெட்டி பெட்டியாக ஓடினேன். மீன்சாறு வாங்கப் போகும் பா ஹாய் அம்மாளுக்கு, சந்தையில் அவளுடைய ஜென்ம வைரியான பக்கத்துக் கடைக்காரி குரலில் “கடைசி ஜாடி, கடைசி ஜாடி!” என்று அந்த ஊர் அன்னாமிய மொழியில் கூவினேன், காலி ஜாடிகளோடு பாய்ந்தாள். சிப்பாய்களுக்கு அவர்கள் சார்ஜெண்டின் குரல். செட்டியாருக்குக் காப்பி. பிளாட்பாரம் திருவிழாவானது.

ஆனால் கூட்டத்தைப் பார்க்க வேண்டியவரைக் காணோம். முதல் வகுப்பில் எட்டிப் பார்த்தால், வாயைத் திறந்தபடி இன்ஸ்பெக்டர் துரை நல்ல தூக்கம்! என்ஜின் ஊதிவிட்டது. சைகோன் ஆபீசில் பெரிய துரை திட்டுவதற்கு முன் இரண்டு தடவை கனைப்பார். நடைபாதையில் போகிற எல்லோருக்கும் அது தெரியும். ஜன்னலில் வாய் வைத்து நானும் இரண்டு தடவை கனைத்தேன். துரை சலாம் அடித்துக்கொண்டே எழுந்தார், சலாம் அடித்துக்கொண்டே இறங்கினார், கூட்டம் அவரை அப்படியே கிளைவண்டிக்குள் அள்ளிக்கொண்டு போனது. செட்டியாருக்கும் பா ஹாய் அம்மாளின் ஜாடிகளுக்கும் நடுவே ஒற்றைக் காலில் நின்றபடி அண்ணனைப் பார்த்துக் கத்தினார்: “இத்தனை ஜனத்துக்கு ஒரே பெட்டியா? நாளைக்கே இன்னொன்று கோர்க்கச் சொல்!”

இப்போது இரண்டு பெட்டியும் நிரம்பி ஓடுகிறது, ஜங்ஷனில் ஒருத்தரையும் தூங்க விடுவதில்லை, இந்த வேலைக்குக் காலையில் என்னை எழுப்பத்தான் அம்மா செம்பு நிறையத் தண்ணீரோடு வரவேண்டியிருக்கிறது.