தார் ஒட்டிய கால்

போன வாரம் தியாகராய நகரில் என் பெண் வீட்டு லிஃப்டில் மாட்டிக்கொண்டேன். கரண்ட் போய்விட்டது. ஆளுக்கு ஆள் முட்டிக்கொண்டு நின்றோம். யாரோ ஒருத்தி தலை நிறைய மல்லிகை வைத்திருந்தாள். வேர்வை எல்லோருக்கும் பொது. மற்றவர்கள் கதவைத் தட்டிக் கூச்சல் போட, நான் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தேனாம். பெண்ணுக்கு மானம் போய்விட்டது. நான் என்ன செய்ய? மூடின பெட்டிக்குள் வேர்வையும் மல்லிகையும் கலந்து அடித்தால் எனக்குப் பள்ளிக்கூட வண்டிதான் ஞாபகம் வரும்.

யுத்த காலம் அது. மயிலாப்பூர் தெருக்களில் பெண்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு சாந்தோம் பக்கத்துக் கான்வென்டுக்கு ஒரு மாட்டு வண்டி போகும். நாலு பக்கமும் பலகை அடித்த பெட்டி. கதவு பின்னால், தாழ்ப்பாள் வெளியில். காற்றுக்கென்று பக்கவாட்டில் சில சட்டங்கள். அதன் வழியே நான் பார்த்த மயிலாப்பூர் முழுக்கப் பட்டை பட்டையாகத்தான் இருந்தது. உள்ளே நெருக்கத்தில் ஒருத்தி தும்மினால் வரிசையே ஆடும். என் பக்கத்தில் எப்போதும் சரோஜா. அவள் முழங்கை குத்திய இடம் இப்போதும் வலிக்கிற மாதிரி இருக்கும்.

நான் வயசுக்கு வந்ததும் அப்பா படிப்பை நிறுத்தப் பார்த்தார். அம்மா சாப்பிடாமல் கிடந்து சம்மதம் வாங்கினாள். அப்பா போட்ட நிபந்தனை ஒன்றுதான்: ஆத்து வாசலில் வண்டி ஏற வேண்டும், பள்ளிக்கூட வாசலில் இறங்க வேண்டும். நடுவில் தெருவில் கால் வைத்தால் அன்றோடு படிப்பு சரி. அப்பா கொடுமைக்காரர் இல்லை. நாலு பேர் வாய்க்குப் பயந்தவர், அவ்வளவுதான்.

வண்டியிலிருந்து இறங்கினால் விடுதலை என்று நினைக்காதீர்கள். எங்கள் வகுப்பு ஜன்னல்கள் விட்டத்தை ஒட்டி இருக்கும். பின்னாலேயே சமுத்திரம்; சத்தம் கேட்கும், ஒரு சொட்டு கண்ணில் படாது. அலைச் சத்தத்துக்கு நடுவே இங்கிலீஷ் இலக்கணமும், சிஸ்டர் மேற்பார்வையில் கைக்குட்டை ஓரம் தைப்பதும். நான் தைத்த கைக்குட்டையைப் பார்த்து சிஸ்டர் சிலுவைக் குறி போட்டுக்கொள்வார். ஆனாலும் அந்த இடம் எனக்கு உயிர். ஆத்தில் எனக்காக யாரும் கரும்பலகையில் ஒன்றும் எழுதப்போவதில்லையே.

பங்குனி மாசம் ஒரு காலை, கச்சேரி ரோட்டின் பாதியில் மாடு படுத்துவிட்டது. வண்டிக்காரர் வாலை முறுக்கினார், தண்ணீர் தெளித்தார், கெஞ்சினார். அது கண்ணை மூடிக்கொண்டது. உள்ளே நாங்கள் வெந்துகொண்டிருந்தோம். மணி அடித்துவிட்டால் கான்வென்டில் கேட்டைச் சாத்திவிடுவார்கள். வண்டிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து எங்களுக்குத் துணையாக வரும் ரோசம்மா ஆயாவுக்கு வேலையே போய்விடும். அவள் சட்டென்று தாழ்ப்பாளைத் திறந்தாள்.

"இன்னாத்துக்கு உள்ளாறயே குந்திக்கினு கீறீங்க? எறங்குங்கமே, நடந்தே பூடலாம். வூட்ல மூச்சு வுடாதீங்க."

மற்றவர்கள் குதித்தார்கள். நான் கடைசியாக, படியில் உட்கார்ந்து ஒரு காலை நீட்டி, தண்ணீரில் இறங்குகிற மாதிரி இறங்கினேன். செருப்பு ஏது? வண்டியில் போகிறவளுக்குச் செருப்பு எதற்கு என்று வாங்கித் தரவில்லை. அந்த வாரம்தான் ரோட்டில் தார் போட்டிருந்தார்கள். உள்ளங்காலில் சூடும் பிசுக்கும் ஒட்ட ஒட்ட நடந்தோம். மீன்கூடைக்காரி ஒருத்தி எதிரே வந்தாள், ஒரு சைக்கிள்காரர் மணி அடித்தார், மரத்தடியில் ஓர் ஆடு எதையோ மென்றுகொண்டிருந்தது. எல்லாமே முழுசு முழுசாக இருந்தன. அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை.

அன்றைக்குப் பாடம் யார் கேட்டார்கள்? பெஞ்சுக்கு அடியில் ஒருவருக்கொருவர் கறுத்த பாதத்தைக் காட்டிக்கொண்டு, வாயைப் பொத்திச் சிரித்தபடி நாளை ஓட்டினோம். சாயங்காலம் மாடு ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து நின்றது.

ஆத்தில் கால் அலம்பும்போதுதான் வினை. மேல் தூசி போயிற்று, தார் போகவில்லை. அம்மா பார்த்துவிட்டாள். எங்கே, எப்படி என்று கேட்கவில்லை. "அப்பா வர நேரமாச்சுடி" என்று மட்டும் சொல்லிவிட்டு, புளி தேய்த்தாள், சாம்பல் தேய்த்தாள். கடைசியில் ஒளித்து வைத்திருந்த சீமெண்ணெயில் துணியை நனைத்து, தோல் சிவக்கிற மட்டும் தேய்த்தாள். அதில் கால் பளிச்சென்று ஆகிவிட்டது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம்.

யுத்தத்தில் சீமெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. விளக்குக்கே அளந்துதான் விடுவார் அப்பா. உள்ளே நுழைந்தவர் சட்டையைக் கழற்றவில்லை.

"சீமெண்ணெய் எங்கே கொட்டித்து?"

ஸ்டவ்வில் சிந்திவிட்டது என்றாள் அம்மா. அப்பா சமையலறைக்குப் போய் ஸ்டவ்வைப் பார்த்தார். குனிந்து தரையை முகர்ந்துகொண்டே வந்தார். கூடத்தில் நான் உட்கார்ந்திருந்த இடத்தில் வந்து நின்றார். நான் பாவாடைக்குள் காலை இழுத்துக்கொண்டேன். அது போதாதா?

அவர் கத்தவே இல்லை. மறுநாள் காலை ஆயா வாசலில் குரல் கொடுத்தபோது அம்மாதான் போய்ச் சொன்னாள், இனிமேல் வரமாட்டாள் என்று. ஆயா பாவம், தன்னால்தானோ என்று அழுதாளாம். வண்டி சரோஜாவை ஏற்றிக்கொண்டு போயிற்று. அவள் அப்பாவும் அதே நிபந்தனைதான் போட்டிருந்தார்; ஆனால் அவள் மாட்டிக்கொள்ளவில்லை. அவள் பள்ளிப் படிப்பை முடித்தாள், மேலேயும் படித்தாள். அடுத்த தையில் எனக்குக் கல்யாணம்.

எனக்குக் கல்யாணமாகி, பிள்ளை பெற்று, என் தலை நரைத்த பிறகும்கூட, அம்மா ஏதாவது வேலையாக இருக்கும்போது திடீரென்று கையை நிறுத்துவாள்.

"தேங்காயெண்ணெய் தேய்ச்சிருக்கலாம்டி."

ஒவ்வொரு தடவையும் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி சொல்வாள். அதுவும் தாரை எடுக்குமாம். வாசனை வந்தாலும் தலைக்குத் தேய்த்தது என்று அப்பா நினைத்திருப்பாராம். நான் விடும்மா என்பேன். அவள் விடவே இல்லை.

இன்று கச்சேரி ரோட்டில் பெண்கள் கும்பல் கும்பலாக நடந்து போகிறார்கள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மாட்டு வண்டி போயிற்று, அந்த வீடு இடிந்து வேறு வீடு வந்தாயிற்று, அப்பாவும் போய்ச் சேர்ந்தார். என் படிப்பு போனதை நானே பாதி மறந்த பிறகும், அதை ஓர் எண்ணெயால் காப்பாற்றியிருக்கலாம் என்று துடித்துக்கொண்டிருந்தவள் ஒருத்திதான். அவளும் இப்போது இல்லை.